எத்தனை கட்டுரை படித்தால் அது சிஸ்டமேட்டிக் ரிவியூ?

கேட்டவர் நர்சிங்கில் முதுகலை முடித்து, பிஎச்.டி.யில் சேர்ந்து நான்கு மாதம் ஆனவர். பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் சுமை பற்றியது ஆய்வு. ஒரு தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்து எழுதுவதுதான் ரிவியூ. கைடு, "முதலில் ஒரு சிஸ்டமேட்டிக் ரிவியூ எழுதி பப்ளிஷ் பண்ணிவிடுங்கள்" என்கிறாராம். சீனியரோ, "அதெல்லாம் முடியாது, ஸ்கோப்பிங் போதும்" என்கிறாராம். தேடிப் பார்த்தால் நேரேட்டிவ், இன்டெக்ரேட்டிவ், அம்ப்ரெல்லா என்று பட்டியல் நீள்கிறது. எது எதற்கு, எத்தனை கட்டுரை படித்தால் சிஸ்டமேட்டிக் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கட்டுரைகூட இல்லாமல் சிஸ்டமேட்டிக் ரிவியூ எழுதலாம். மருத்துவ ரிவியூக்களை வெளியிடும் கோக்ரேன் நூலகத்தில் அப்படிப்பட்டவை உண்டு. 'காலி ரிவியூ' என்றே அவற்றைச் சொல்வார்கள். கேள்வியை வகுத்து, எங்கே எப்படித் தேடுவோம், எதைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, வந்து விழுந்த தலைப்புகளையெல்லாம் சலித்த பிறகு, நிபந்தனைக்குத் தேறிய ஆய்வு ஒன்றுமில்லை என்று முடித்திருப்பார்கள். மருத்துவர்கள் தினமும் செய்கிற ஒரு காரியத்துக்கு ஆதாரமே இல்லை என்று தெரிவதும் ஒரு கண்டுபிடிப்புதானே. இதற்கு நேர்மாறாக, முந்நூறு கட்டுரை படித்து எழுதியது சிஸ்டமேட்டிக் ஆகாமலும் போகலாம். நீங்கள் நடந்த வழியில் இன்னொருவர் நடந்தால் அதே கட்டுரைகளில் வந்து நிற்பாரா? பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு ரிவியூ எழுதி, தலைப்பில் 'சிஸ்டமேட்டிக்' என்று கௌரவமாகப் போட்டு ஒரு இதழுக்கு அனுப்பினேன். தொண்ணூறு கட்டுரை, ஆறு மாத உழைப்பு. திரும்பி வந்த மதிப்புரையில் முதல் கேள்வி: கடைசியாக எந்தத் தேதியில் தேடினீர்கள்? எனக்குத் தெரியவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இல்லாத ஞாயிறுகளில் கொஞ்சம், லீவில் கொஞ்சம் என்று தேடியிருந்தேன். என்ன சொல் போட்டுத் தேடினேன் என்பதே பாதிதான் நினைவில் இருந்தது. அந்த ஒரு சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பினேன், வந்தது. உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை. பொய் மட்டும் போயிற்று.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தீசிஸில் இரண்டாம் அத்தியாயமாக வரும் லிட்டரேச்சர் ரிவியூ வேறு, தனிக் கட்டுரையாக வெளியிடும் ரிவியூ வேறு. (தமிழில் இதை 'இலக்கிய மீளாய்வு' என்று சொல்லப்போய், சங்க இலக்கியமா என்று வீட்டில் கேட்டவர்கள் உண்டு. 'முன்னாய்வுகள்' என்ற சொல் எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது.) இரண்டாம் அத்தியாயத்தின் வேலை, இதுவரை நடந்த பேச்சில் உங்கள் ஆய்வு எந்த இடத்தில் வாயைத் திறக்கிறது என்று காட்டுவது. நம் ஊர் தீசிஸ்களில் அது பெரும்பாலும் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும்: இன்னார் (2011) இப்படிச் சொன்னார், இன்னொருவர் (2012) அப்படிச் சொன்னார், மூன்றாமவர் (2013) முந்தியவரை ஆமோதித்தார். நாற்பது பக்கம் கழித்து, "ஆகவே இந்த ஆய்வு தேவைப்படுகிறது" என்று ஒரு வரி. இந்தியத் தீசிஸ்களைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் துறைத் தீசிஸ் எதையாவது திறந்து பாருங்கள், நான் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும். அந்த அத்தியாயத்துக்கு வகைப்பெயர் எதுவும் வேண்டாம், வாதம்தான் வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் தனிக் கட்டுரையாக வரும் ரிவியூக்களைப் பற்றியது.

முதலில் நேரேட்டிவ் ரிவியூ. துறையை நன்றாக அறிந்த ஒருவர், தான் படித்ததில் முக்கியம் என்று நினைப்பதை எடுத்து, ஒரு கோர்வையாகச் சொல்வது. இது நமக்குப் புதிதல்ல. நம் உரையாசிரியர்கள் செய்தது ஏறக்குறைய இதைத்தான். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தனக்கு முன் எழுதிய இளம்பூரணரின் கருத்தை எடுத்துவைத்து, எங்கே பொருந்தவில்லை என்று காட்டி, தன் முடிவைச் சொல்வார். திருக்குறள் உரையில் பரிமேலழகர் "என்று உரைப்பாரும் உளர்" என்று போட்டு மாற்றுக் கருத்தைத் தள்ளுவார். அருமையான வாசிப்பு. ஆனால் அந்த 'உளர்' யார், எத்தனை பேர், அவர்கள் முழுதாக என்ன சொன்னார்கள் என்று தேடிப் போனால் பல இடங்களில் கை நனையாது. நேரேட்டிவ் ரிவியூவின் பலமும் பலவீனமும் அதுவேதான். எழுதுகிறவரின் அறிவை நம்பி வாசிக்கிறோம். அவர் எதை விட்டுவிட்டார் என்று நமக்குத் தெரியாது.

எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் இந்த ஓட்டை இருக்கும் என்பதற்கு லைனஸ் பாலிங்கைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1954-இல் வேதியியல் நோபல், 1962-இல் அமைதி நோபல், இரண்டும் தனியாளாக வாங்கியவர். 1970-இல் வைட்டமின் சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தினமும் நிறைய எடுத்துக்கொண்டால் சளி அண்டாது, வந்தாலும் சீக்கிரம் போய்விடும் என்பது சாரம். ஆய்வுகளை மேற்கோள் காட்டித்தான் எழுதினார், சும்மா சொல்லவில்லை. பின்னாளில் இன்னொரு புத்தகத்திலும் அதையே வலியுறுத்தினார். நெதர்லாந்தைச் சேர்ந்த பால் க்னிப்ஷில்ட் என்ற ஆய்வாளர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் எல்லாப் பரிசோதனைகளையும் தேடித் தொகுத்தார். 61 கிடைத்தன. 1994-இல் இதைப் பற்றி எழுதினார். தரமாக நடத்தப்பட்டவை என்று தேறியவற்றில் சில, பாலிங்கின் புத்தகத்தில் இல்லவே இல்லை. பாலிங் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் நம்பிக்கை வந்தது, பிறகு அதற்கேற்ற கட்டுரைகள் கண்ணில் பட்டன. நமக்கும் அப்படித்தான் படும்.

அதே கேள்விக்கு இன்று சிஸ்டமேட்டிக் ரிவியூ என்ன சொல்கிறது? 2013-இல் வந்த கோக்ரேன் ரிவியூ, 11,306 பேர் கலந்துகொண்ட 29 ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. பொதுமக்கள் தினமும் வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பிடிப்பது குறைவதில்லை. ஆனால் பிடித்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் குறைந்தது. மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவத்தினர் என்று 598 பேரை வைத்து நடந்த ஐந்து ஆய்வுகளில் மட்டும் சளி பிடிக்கும் வாய்ப்பே பாதியாகக் குறைந்திருந்தது. கவனித்தீர்களா, பாலிங் முழுக்கத் தப்பும் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எந்தச் சூழலில் என்று அவர் சொன்னதை அளவாக வெட்டித் தந்திருக்கிறது இந்த ரிவியூ.

இதை வைத்து நேரேட்டிவ் என்றாலே மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைப்பது இப்போது ஒரு ஃபேஷன். 2018-இல் ட்ரிஷ் கிரீன்ஹால் உள்ளிட்ட மூவர், சிஸ்டமேட்டிக்கை மேலே வைத்து நேரேட்டிவைக் கீழே வைக்கும் இந்தப் படிநிலையே போலியானது என்று வெளிப்படையாக எழுதினார்கள். எனக்கும் உடன்பாடுதான். 'மருமகளின் கடமை' என்ற கருத்து கடந்த நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதைத் தேடல் வரி போட்டு, சலித்து, எண்ணி எழுத முடியாது. ஒரு கருத்தின் வரலாறு, ஒரு கோட்பாட்டின் வளர்ச்சி, இரண்டு துறைகளுக்கு இடையிலான பேச்சு போன்றவற்றுக்கு நன்றாக வாசித்த ஒரு மனிதரின் தீர்ப்புதான் வேண்டும். பழைய நம்பிக்கைகளைக் குலைத்துப் புதிய பார்வை வைப்பதைக் 'கிரிட்டிக்கல் ரிவியூ' என்று தனியாகச் சொல்வதும் உண்டு.

சிஸ்டமேட்டிக் ரிவியூ என்பது வழக்கு விசாரணை மாதிரி. குற்றப்பத்திரிகை முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். யாருக்கு, என்ன சிகிச்சை அல்லது பயிற்சி, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் அந்தக் கேள்வி இன்னும் பழுக்கவில்லை. அப்புறம் புரோட்டோகால். என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்பே எழுதி, யார்க் பல்கலைக்கழகத்தார் 2011-இல் தொடங்கிய ப்ராஸ்பெரோ பதிவேட்டில் பதிய வேண்டும். ஏன் முன்பே? முடிவுகளைப் பார்த்த பிறகு விதியை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும் என்பதால்தான்.

பிறகு தேடல். மருத்துவக் கட்டுரைகளின் டேட்டாபேஸான பப்மெட் ஒன்றை மட்டும் தேடினால் போதாது, குறைந்தது இரண்டு மூன்று டேட்டாபேஸ் வேண்டும். அச்சேறாத ஆய்வுகளையும் துரத்த வேண்டும். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. மனச்சோர்வு மாத்திரைகள் 12 பற்றி அமெரிக்க மருந்து ஆணையத்திடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, அவை இதழ்களில் வந்தனவா என்று 2008-இல் ஒரு குழு பார்த்தது. பலன் உண்டு என்று ஆணையம் முடிவுகட்டிய 38-இல் 37 வெளியாகியிருந்தன. மீதி 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் பலன் இருந்த மாதிரி எழுதப்பட்டு வெளியாகியிருந்தன. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு ஏறக்குறைய எல்லாமே வெற்றி என்றுதான் தெரிந்திருக்கும். அதனால்தான் பரிசோதனைகளை முன்கூட்டியே பதியச் சொல்கிறார்கள். நம் நாட்டில் 2007-இல் தொடங்கிய சிடிஆர்ஐ பதிவேட்டில் 2009 முதல் பதிவது கட்டாயம். உங்கள் தேடலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழுக்கள் மறந்துவிடும் இடம் அது.

தேடி வந்ததை இரண்டு பேர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும். உங்கள் கைடுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். தனியாளாக உட்கார்ந்து சிஸ்டமேட்டிக் ரிவியூ செய்வது, தானே தேர்வெழுதித் தானே திருத்துவது மாதிரி. இரண்டு பேரும் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாமவர் தீர்ப்பு. பிறகு ஒவ்வொரு ஆய்விலும் எங்கே ஒருதலைச் சாய்வு புகுந்திருக்கலாம் என்று மதிப்பிட வேண்டும். கடைசியில்தான் எழுத்து வேலை. ப்ராஸ்பெரோவில் பதிந்த 195 ரிவியூக்களை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகிறது என்றது. உங்கள் சீனியர் "முடியாது" என்று சொன்னது சோம்பலில் அல்ல என்று நினைக்கிறேன்.

இங்கே பிரிஸ்மா பற்றி ஒரு வார்த்தை. எத்தனை கட்டுரை வந்தன, எத்தனை தள்ளினோம் என்று பெட்டி பெட்டியாகப் போட்டுக் கீழே இறங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரிஸ்மா என்பது செய்ததை எப்படி அறிக்கையாக எழுத வேண்டும் என்ற 27 அம்சப் பட்டியல். எப்படிச் செய்ய வேண்டும் என்று அது சொல்லித்தராது. சமையல் செய்யாமல் மெனு கார்டு மட்டும் அச்சடித்தவர்களின் கட்டுரைகள் இப்போது குவிகின்றன. ஒரே டேட்டாபேஸ், ஒரே ஆள், ஒரு வார வேலை, ஆனால் நடுவில் பிரிஸ்மா படம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஏமாறாதீர்கள், ஏமாற்றவும் செய்யாதீர்கள்.

மெட்டா அனாலிசிஸ் ஒரு தனி வகை ரிவியூ என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கணக்கு முறை. பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து ஒரே விடையாக்குவது. அந்தப் பெயரை ஜீன் கிளாஸ் 1976-இல் வைத்தார். ஆனால் 1904-இலேயே கார்ல் பியர்சன் டைபாய்டு தடுப்பூசி பற்றிப் பிரிட்டிஷ் ராணுவத்தின் எண்களை இப்படிச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். இந்தியாவிலிருந்த படையினரின் எண்களும் அதில் உண்டு. சிஸ்டமேட்டிக் ரிவியூவில் மெட்டா அனாலிசிஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபோது எண்களைக் கூட்டுவது ஆட்டையும் மாட்டையும் சேர்த்து எடைபோட்டுச் சராசரி சொல்வது மாதிரி. எண் வரும், ஆனால் அது எந்த மிருகத்தின் எடை?

கூட்டத் தகுந்த இடத்தில் கூட்டினால் அதன் பலம் என்ன என்பதைக் கோக்ரேன் சின்னமே சொல்லிவிடும். வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகள், நடுவே ஒரு செங்குத்துக் கோடு, கீழே ஒரு வைர வடிவம். அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரு மெட்டா அனாலிசிஸ் படம். குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்து உயிர் பிழைக்குமா என்பது கேள்வி. ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் முதல் பரிசோதனையை 1972-இல் வெளியிட்டார்கள். லிகின்ஸ் அதற்கு முன் செம்மறி ஆட்டுக் குட்டிகளில் இதைக் கவனித்திருந்தார். தொடர்ந்து வேறு பலரும் செய்தார்கள். சின்னத்தில் இருப்பவை அப்படிப்பட்ட ஏழு. ஒவ்வொரு கிடைக்கோடும் ஓர் ஆய்வு. அது செங்குத்துக் கோட்டைத் தொட்டால், பலன் உண்டு என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலானவை தொடுகின்றன. ஆனால் ஏழையும் சேர்த்தால் வரும் வைரம் கோட்டை விட்டுத் தெளிவாக விலகி நிற்கிறது: குழந்தை இறக்கும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் குறைகிறது. இந்தத் தொகுப்பு 1989-இல்தான் வெளியானது. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் அந்த ஊசியைப் போடவில்லை. விடை பல வருஷங்களாக இதழ்களில் சிதறிக் கிடந்தது, கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு, அது நமக்கு நெருக்கமானது. அந்த ஏழும் வசதியான மருத்துவமனைகளின் கதை. இந்தியா உள்பட ஆறு நாடுகளில், அடிப்படை வசதிகூடக் குறைவாக உள்ள இடங்களிலும் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தைகளின் இறப்பு குறையவில்லை; எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு சற்று கூடியிருந்தது. ஐந்து வருஷம் கழித்து, இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணித்து, 2,852 தாய்மார்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய பரிசோதனையில் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதே ஊசிதான். 'பலன் உண்டா' என்ற கேள்விக்குச் சராசரி எண் விடை சொல்லும். 'எங்கே, யாருக்கு, எப்படிக் கொடுத்தால்' என்ற கேள்விக்கு அந்த எண் வாய் திறக்காது. ரே பாசனும் கூட்டாளிகளும் 2005-இல் முன்வைத்த ரியலிஸ்ட் ரிவியூ இந்த இடத்துக்குத்தான். ஒரு திட்டம் எந்தச் சூழலில் எந்த வழியாக வேலை செய்கிறது என்று துருவுவது அது. நர்சிங், சமூகப் பணி, கல்வி ஆகிய துறைகளுக்கு இது மிகவும் ஏற்றது. செய்வதும் கஷ்டம், முதல் ரிவியூவாக எடுக்காதீர்கள்.

இனி ஸ்கோப்பிங். இது விசாரணை இல்லை, நில அளவை. ஒரு பகுதியில் யார் யார் என்ன என்ன செய்திருக்கிறார்கள், எந்த அளவுகோல்களைப் பயன்படுத்தினார்கள், எங்கே வெறும் பொட்டலாகக் கிடக்கிறது என்று வரைபடம் போடுவது. ஆர்க்ஸியும் ஓமாலியும் 2005-இல் இதற்கு ஒரு சட்டகம் தந்தார்கள், ஆஸ்திரேலியாவின் ஜேபிஐ என்ற ஆய்வு நிறுவனம் அதை விரிவாக்கியது, 2018-இல் பிரிஸ்மாவிலேயே ஸ்கோப்பிங்குக்கு ஒரு தனிப் பட்டியல் வந்தது. தேடலில் சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்கு உள்ள அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். தேதி, சொற்கள், இரண்டு பேர் சலிப்பது எல்லாம் உண்டு. சீனியர்கள் சொல்வது போல அவ்வளவு சுலபமும் இல்லை. வித்தியாசம், கேள்வி அகலமாக இருக்கும், ஆய்வுகளின் தரத்தைப் பெரும்பாலும் மதிப்பிட மாட்டார்கள். தரத்தை மதிப்பிடாததால் ஒரு விஷயத்தைச் சொல்லும் உரிமையை இழக்கிறோம்: 'இந்தப் பயிற்சி பலன் தரும், எல்லா மருத்துவமனைகளிலும் கொண்டுவாருங்கள்' என்று ஸ்கோப்பிங் ரிவியூவின் முடிவில் எழுதக் கூடாது. நிறையப் பேர் எழுதுகிறார்கள். வைவாவில் மாட்டுவது அந்த வரியில்தான். இன்னொன்று, ப்ராஸ்பெரோ ஸ்கோப்பிங்கைப் பதிவதில்லை. ஓஎஸ்எஃப் மாதிரித் திறந்த தளங்களில் புரோட்டோகாலைப் போட்டுவைக்கலாம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2009-இல் கிராண்டும் பூத்தும் பதினான்கு வகைகளை எண்ணிப் பட்டியல் போட்டார்கள். பலர் மேற்கோள் காட்டும் கட்டுரை, ஆனால் அந்தப் பதினான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அம்ப்ரெல்லா என்பது ரிவியூக்களின் ரிவியூ, ஏற்கெனவே நிறைய சிஸ்டமேட்டிக் ரிவியூ குவிந்த தலைப்புக்கு மட்டும். ரேப்பிட் ரிவியூ, அரசுக்கு ஒரு மாதத்துக்குள் விடை வேண்டும் என்ற நெருக்கடியில் சில படிகளைக் குறைத்துச் செய்வது. எதைக் குறைத்தோம் என்று ஒப்புக்கொள்வது இதன் நாணயம். கொரோனா காலத்தில் இது பெருகியது. புதிய ஆய்வு வர வர விடையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது லிவிங் ரிவியூ. மாணவர்கள் தொடக்கூடாத வகை, யார் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து புதுப்பிப்பது? நேர்காணல் போன்ற பண்புசார் ஆய்வுகளைத் தொகுக்கத் தனி முறைகள் இருக்கின்றன. நோப்லிட், ஹேர் இருவரும் 1988-இல் தந்த மெட்டா எத்னோகிராபி அவற்றில் ஒன்று. நர்சிங்கில் அடிக்கடி காதில் விழும் இன்டெக்ரேட்டிவ் ரிவியூ, பரிசோதனை, நேர்காணல், கோட்பாடு என்று எல்லா ரக ஆய்வுகளையும் ஒரே இலையில் பரிமாறும். விட்மோர், நாஃப்ல் இருவரின் 2005 கட்டுரையைப் படிக்காமல் அதில் இறங்காதீர்கள். இல்லையென்றால் அது நேரேட்டிவ் ரிவியூவுக்குப் போட்ட முகமூடியாகத்தான் முடியும்.

சரி, உங்கள் தலைப்புக்கு வருவோம். பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் சுமை குறையுமா என்பது உங்கள் மனதிலுள்ள கேள்விகளில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2004-இல் வெளியான, இங்கிலாந்தில் ஒரே மையத்தில் 300 நோயாளிகளை வைத்து நடந்த பரிசோதனையில் சுமையும் குறைந்தது, செலவும் குறைந்தது. இதை மட்டும் படித்த ஒருவர் அழகான நேரேட்டிவ் ரிவியூ எழுதிவிடலாம். 2011-இல் வந்த கோக்ரேன் ரிவியூ, பராமரிப்பாளர்களுக்கான எட்டு ஆய்வுகளை, மொத்தம் 1,007 பேரை எடுத்துப் பார்த்தது. இப்படிப்பட்ட முன்பயிற்சிதான் மிகவும் நம்பிக்கை தருகிறது என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு வரி சேர்த்தது: இது ஒரே மையத்தின் ஒரு சிறிய ஆய்வை நம்பிச் சொல்வது. அந்த எச்சரிக்கை எவ்வளவு சரி என்று இரண்டே வருஷத்தில் தெரிந்தது. அதே பயிற்சியைப் பிரிட்டனின் 36 பக்கவாதப் பிரிவுகளில், 928 நோயாளி–பராமரிப்பாளர் ஜோடிகளிடம் சோதித்தபோது வித்தியாசமே தெரியவில்லை. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த 'அட்டெண்ட்' என்ற ஆய்வு 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து, பயிற்சி கொடுத்த பக்கமும் கொடுக்காத பக்கமும் 47 சதவீதம்.

இப்போது இந்த ஒரே தலைப்பில் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். பயிற்சியால் சுமை குறைகிறதா என்றால் சிஸ்டமேட்டிக். ஆனால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு யார் புதுப்பித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, இடமிருந்தால் மட்டும் இறங்குங்கள். ஒரு சிறிய மையத்தில் பலித்தது பெரிய அளவில் ஏன் பலிக்கவில்லை என்றால் ரியலிஸ்ட். மனைவிக்கும் மருமகளுக்கும் மகனுக்கும் இந்தப் பாரம் எப்படி வேறு வேறாக இருக்கிறது என்றால் பண்புசார் தொகுப்பு. தெற்காசியாவில் இந்தச் சுமையை இதுவரை யார், எங்கே, எந்த அளவுகோலால் அளந்தார்கள், அந்த அளவுகோல் தமிழ் மாதிரி நம் மொழிகளில் சோதிக்கப்பட்டதா என்றால் ஸ்கோப்பிங். நான்கு மாதம் ஆன ஓர் ஆய்வாளருக்குக் கடைசிக் கேள்விதான் உண்மையில் வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கள ஆய்வுக்கு எந்த அளவுகோலை எடுப்பது என்ற முடிவும் அதிலிருந்தே வந்துவிடும். சீனியர் சரியான விடையைத் தவறான காரணத்துக்காகச் சொல்லியிருக்கிறார்.

வேலையைத் தொடங்க: உங்கள் கல்லூரி நூலகரைப் போய்ப் பாருங்கள், இதில் எழுபது சதவீதம் நூலகர் வேலைதான். கோக்ரேன் நூலகத்தை 2007-இல் ஐசிஎம்ஆர் செலவு ஏற்று இந்தியா முழுக்கத் திறந்துவிட்டது. தெற்காசியக் கோக்ரேன் மையம் நம் வேலூர் சிஎம்சியில்தான் இயங்கியது. பயிற்சிப் பட்டறைகள் எங்கே நடக்கின்றன என்று அங்கே படித்தவர்களைக் கேட்டால் தெரியும். கூடச் சலிக்க ஒரு நண்பரை இப்போதே பிடித்துவையுங்கள், ஆசிரியர் பெயரில் அவருக்கும் இடம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபம் மிச்சம். ஏஐ செயலியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டு அப்படியே நம்பாதீர்கள், இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்துக் கொடுக்கும். ஒரு நோட்டு வாங்கி, தேடிய ஒவ்வொரு நாளும் தேதி, டேட்டாபேஸ், போட்ட சொற்கள், வந்த எண்ணிக்கை நான்கையும் எழுதுங்கள்.

கைடிடம் போகும்போது "ஸ்கோப்பிங் போதும் என்கிறார்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவருக்குக் குறுக்குவழியாகத்தான் கேட்கும். மேலே சொன்ன 2011 ரிவியூவையும் அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆய்வுகளையும் அச்சடித்து எடுத்துப் போங்கள். சிஸ்டமேட்டிக் ஒன்று இருக்கிறது சார், அளவுகோல்களின் வரைபடம்தான் நம் ஆய்வுக்கு இப்போது வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்கோப்பிங்கும் நல்ல இதழ்களில் வெளியாகும் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.